தொண்டைக்குள் கூடிய கூட்டம்

இனிமேல் யாராவது என்னிடம் "மென்று சாப்பிடு" என்று சொன்னால் எழுந்து போய்விடுவதாக இருக்கிறேன். ஐம்பதைத் தாண்டியவளுக்குச் சொல்லும் புத்தியா அது? பல வருடங்களாக இதைத்தான் கேட்டேன். எனக்குச் சாப்பாடு நெஞ்சுக்குள் சிக்கும். சோறென்றால் ஒவ்வொரு வாய்க்கும் ஒரு மிடறு தண்ணீர் வேண்டும். பாண் ரொட்டி என்றால் தேநீரில் தோய்த்தால்தான் இறங்கும். அலுவலகத்தில் எல்லோரும் சாப்பிட்டுக் கை கழுவி, ஊர்வம்பெல்லாம் பேசி முடித்த பிறகும் நான் சோற்றுப் பார்சலுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பேன். வயிற்றில் காஸ் என்றார்கள், அவசரம் என்றார்கள், கதைத்துக்கொண்டு சாப்பிடுவதால் என்றார்கள். நானும் காஸ் மாத்திரைகளை மிட்டாய் மாதிரிச் சப்பிக்கொண்டு திரிந்தேன்.

எனக்கு வந்த நோயின் பெயர் அப்போது எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. உங்கள் வீட்டிலும் யாராவது தண்ணீர்ப் போத்தலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே சாப்பிடுகிறார்கள் என்றால், அவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

கொட்டாஞ்சேனையில் என் தம்பி அன்ரன் வீட்டில் ஞானஸ்நான விருந்து. மாட்டிறைச்சிக் கறியில் ஒரு துண்டை விழுங்கினேன். அது நடுவழியில் நின்றுவிட்டது. தண்ணீர் குடித்தேன், போன தண்ணீர் அப்படியே திரும்பி வந்தது. கொஞ்ச நேரத்தில் எச்சிலைக்கூட விழுங்க முடியவில்லை. மூச்சு விட முடிந்தது, பேசவும் முடிந்தது, ஆனால் எதுவும் கீழே இறங்கவில்லை.

உடனே ஆளுக்கொரு வைத்தியம். ஒருவர் சோற்றை உருட்டி விழுங்கச் சொன்னார். அது மீன் முள்ளுக்குச் செய்யும் வைத்தியம். இன்னொருவர் வாழைப்பழத்தை உரித்து நீட்டினார். சோடா வந்தது. முதுகில் குத்து விழுந்தது. பெரியம்மா ஒருத்தி தொண்டைக்குக் காவலான புனிதரைக் கூப்பிட்டு மன்றாடினாள். அவர் அன்றைக்கு வேறு யாருடைய தொண்டைக்கோ போயிருந்தார் போல. கடைசியில் என் கணவர் நேசன்தான் கையில் ஒரு பிளாஸ்ரிக் கோப்பையைத் தந்து, "இதுக்குள்ள துப்பும், நாங்கள் ஆஸ்பத்திரிக்குப் போவம்" என்றார். அவர் பிறந்தது யாழ்ப்பாணம், வாழ்வது வெள்ளவத்தை. வங்கியிலிருந்து ஓய்வு பெற்ற மனிதர். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை, அன்றைக்கும் உயர்த்தவில்லை.

போனது தனியார் ஆஸ்பத்திரி. அவசரப் பிரிவில் முதலில் கேட்டது அடையாள அட்டை, அடுத்தது முற்பணம், மூன்றாவதுதான் உடம்புக்கு என்ன வருத்தம் என்பது. கோப்பையில் துப்பிக்கொண்டே பதில் சொன்னேன். "என்ன சாப்பிட்டீங்க?" என்று வாசலில் ஒருவர் கேட்டார், உள்ளே ஒருவர் கேட்டார், பிறகு படுக்கையருகே வந்தும் ஒருவர் கேட்டார். இறைச்சி, இறைச்சி, இறைச்சி. விருந்துக்குக் கட்டிய பட்டுச்சேலையோடு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன்.

எண்டோஸ்கோபி என்பது முனையில் கமெரா வைத்த நீளமான குழாய். வாய்வழியாக விட்டு உணவுக்குழாயைப் பார்ப்பார்கள். தொண்டையில் கசப்பாக ஏதோ அடித்து மரத்துப்போகச் செய்தார்கள். பற்களுக்கிடையில் ஒரு வளையத்தை வைத்தார்கள். தலைமாட்டில் நின்ற தாதி மிஸ்ஸி, "கிலின்ன, நோனா, கிலின்ன" என்று முதுகைத் தடவினாள். சிங்களத்தில், விழுங்குங்கள் அம்மணி என்று அர்த்தம். விழுங்க முடியாமல்தானே அம்மா நான் இங்கே வந்தேன் என்று சொல்ல நினைத்தேன். வாயில் வளையம் இருந்தது.

இறைச்சித் துண்டு எடுபட்டது. கூடவே டொக்டர் உணவுக்குழாயின் உள்தோலிலிருந்து அரிசிக் குருணை அளவில் சில துணுக்குகளைக் கிள்ளி எடுத்திருந்தார். அதற்குப் பயொப்சி என்று பெயர். கிள்ளியதை நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்ப்பார்கள். வேறொன்றுமில்லை. ஆனால் அந்தச் சொல்லைக் கேட்டதும் எங்கள் சொந்தக்காரர்கள் எல்லோருடைய முகமும் ஒரே மாதிரி ஆகிவிட்டது.

குடும்ப வட்ஸ்அப்பில் அன்ரன் ஒரு வரி போட்டான்: அக்காவை வார்டில் வைத்திருக்கிறார்கள். அவ்வளவுதான். வத்தளையிலிருந்து வந்தார்கள், ஹெந்தளையிலிருந்து வந்தார்கள், யாரென்று எனக்கே சரியாகத் தெரியாதவர்களும் வந்தார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு மோல்ட் பால்மாப் பைக்கற், ஒரு மேரி பிஸ்கற் பைக்கற். நோயாளியைப் பார்க்க வெறுங்கையோடு போகக் கூடாது என்பது எங்கள் ஊர் வழக்கம். விழுங்க முடியாமல் படுத்திருக்கிறவளுக்கு பிஸ்கற் எதற்கு என்று யாரும் யோசிக்கவில்லை. கட்டிலருகே இருந்த அலுமாரி நிரம்பி, ஜன்னல் விளிம்பும் நிரம்பியது. எல்லோரும் ஒரே வசனத்தைச் சொன்னார்கள்: "உங்களுக்கு நோய் எதிர்ப்புச் சக்தி குறைஞ்சு போச்சு. நல்லா மோல்ட் கரைச்சுக் குடிங்க."

பயொப்சி முடிவு வரும்வரை வீட்டில் இருந்த நாட்களில் நான் எல்லோர் மேலும் எரிந்து விழுந்தேன். உண்மையைச் சொன்னால், பயந்து போயிருந்தேன். புற்றுநோய் என்ற சொல்லை வீட்டில் யாரும் வாயால் சொல்லவில்லை. நேசனின் அக்கா பவளம், எனக்கு மச்சாள், பக்கத்து ஒழுங்கையில் இருப்பவள். நான் அறைக்குள் போனதும் அவள் குரல் தாழும், வெளியே வந்ததும் உயரும். நேசன் பேப்பரை விரித்தால் பக்கம் புரட்டமாட்டார். கட்டணத்தில் ஒரு பகுதியை அலுவலகக் காப்புறுதி தருமா என்று கேட்கப் போனால், நோயின் பெயரைக் கொண்டு வாருங்கள் என்றார்கள். பெயருக்காகத்தான் நானும் காத்திருந்தேன்.

பெயர் வந்தது. புற்றுநோய் இல்லை. இயோசினோபிலிக் ஈசோஃபஜைட்டிஸ். டொக்டர் தமிழர், என்னைவிட வயதில் குறைந்தவர், பொறுமையும் குறைந்தவர். இருந்தாலும் அன்றைக்கு ஒரு தாளை எடுத்துப் படம் கீறி விளங்கப்படுத்தினார்.

"அம்மா, இயோசினோபில் எண்டது வெள்ளை இரத்த அணுவில ஒரு வகை. பூச்சி, புழு வந்தா அடிக்கிறதுக்கு உடம்பு வைச்சிருக்கிறது. குடலில இருக்கலாம். உணவுக்குழாயில அதுக்கு வேலையில்லை. உங்கட உணவுக்குழாயில நிறைஞ்சு போய் நிக்குது."

"ஏன் அங்க வந்தது, டொக்டர்?"

"கூப்பிட்டா வரும்தானே."

கூப்பிடுவது ஒரு புரதம். இந்த வகைப் புரதங்களுக்குக் கெமோகைன் என்று பெயர். விரலில் முள் குத்தினால் அந்த இடத்துச் செல்கள் கெமோகைனைச் சுரக்கும். இரத்தத்தில் போய்க்கொண்டிருக்கும் வெள்ளை அணுக்கள், அது எந்தப் பக்கம் கூடுதலாக இருக்கிறதோ அந்தப் பக்கமாகத் திரும்பி, இரத்தக்குழாயை விட்டு வெளியே வந்து, குத்திய இடத்துக்குப் போய்ச் சேரும். சிவப்பதும் வீங்குவதும் அதனால்தான். அது இல்லாவிட்டால் ஒரு முள்ளுக்கே நாம் தப்பமாட்டோம். கெமோகைனில் பல வகை உண்டு, ஒவ்வொன்றும் ஒவ்வொரு வகை அணுவைக் கூப்பிடும். இயோசினோபிலைக் கூப்பிடுவதன் பெயர் இயோடாக்சின். என் உணவுக்குழாயின் தோல், நான் சாப்பிடும் ஏதோ ஒரு சாதாரண உணவை எதிரி என்று எடுத்துக்கொண்டு, இயோடாக்சினைச் சுரந்து சுரந்து ஆட்களைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறது.

"கொட்டாஞ்சேனைச் சந்தியில ஒருத்தர் மயங்கி விழுந்தா என்ன நடக்கும்?" என்று டொக்டர் கேட்டார். "எல்லாரும் உதவி செய்யத்தான் ஓடி வருவினம். பிறகு அம்புலன்ஸ் வர வழியிருக்காது. அதுதான் உங்கட தொண்டைக்குள்ள நடக்குது."

வந்த அணுக்கள் சும்மா நிற்பதில்லை. புழுவை அடிக்க வைத்திருக்கும் நஞ்சை அங்கே கொட்டுகின்றன. தோல் வீங்கி, தழும்பேறி, குழாய் வரவரச் சுருங்குகிறது. பேசாமல் விட்டால் ஒருநாள் கஞ்சியும் இறங்காது என்றார்.

அப்படியென்றால் எனக்கு எதிர்ப்புச் சக்தி குறைவு இல்லையா என்று கேட்டேன். "குறைவோ? தேவைக்கு மிஞ்சி வேலை செய்யுது" என்றார். வீட்டுக்கு வந்து இதை எல்லோருக்கும் சொன்னேன். எல்லோரும் தலையாட்டினார்கள். அடுத்த வாரமும் ஒரு மோல்ட் பைக்கற் வந்தது.

முதலில் அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை தந்தார்கள். சிலருக்கு அதுவே போதுமாம், எனக்குப் போதவில்லை. விழுங்கும் ஸ்டீரொயிட் மருந்து ஒன்று உண்டு, அது அந்தக் கூப்பிடும் சத்தத்தையே அடக்குமாம். எனக்கு நீரிழிவு இருப்பதால் டொக்டர் தயங்கினார். மூன்றாவது வழி, கூப்பிட வைக்கும் உணவைக் கண்டுபிடித்து நிறுத்துவது. அதிகமாகக் குற்றம் செய்வது பாலும் கோதுமையும். இரண்டையும் அடியோடு நிறுத்திவிட்டு, சில வாரங்கள் போனதும் மறுபடி குழாய் விட்டுப் பார்க்கலாம் என்றார். அதிலும் குறையாவிட்டால் உணவுக்குழாய்க்குள் பலூன் வைத்து ஊதி விரிக்க வேண்டும். விரிக்கும்போது கிழியக்கூடும், அரிதுதான், ஆனாலும் சொல்லவேண்டியது தன் கடமை என்றார். அந்த "அரிதுதான்" எனக்குக் கேட்கவே இல்லை. கிழியும் என்பது மட்டும் கேட்டது.

வீட்டில் ஆட்சி மாறியது. நேசன் சமையலறையைப் பொறுப்பெடுத்தார். பாண் வாங்குவது நின்றது. பிஸ்கற்றும் பால்மாவும் மூட்டையாக மச்சாள் வீட்டுக்குப் போயின. மச்சாளுக்கு நான் பாடம் எடுத்தேன். அவள் கவனமாகக் கேட்டுவிட்டு, சொதியில் தேங்காய்ப் பால் விடுவதை நிறுத்தினாள்.

"தேங்காய்ப் பால் பரவாயில்ல மச்சாள். மாட்டுப் பால்தான் கூடாது."

"ரண்டும் பால்தானே. எதுக்கு வில்லங்கம்?"

அதே கையால் அடுத்த நாள் பட்டர் கேக் கொண்டு வந்தாள். கேக்கில் தான் ஒரு சொட்டுப் பாலும் விடவில்லை என்று சத்தியம் செய்தாள். பட்டர் எதிலிருந்து வருகிறது என்று கேட்டேன். கடையிலிருந்து என்றாள். கேக்கிலிருக்கும் மாவைப் பற்றிப் பேச எனக்கு அதற்குப் பிறகு தெம்பில்லை.

நேசன் அப்படியில்லை. பைக்கற்றுகளின் பின்னால் உள்ள சின்ன எழுத்துகளையெல்லாம் கண்ணாடி போட்டு வாசிப்பார். மதியச் சோறு கட்டித் தருவார். இரவில் பெரும்பாலும் பிட்டு. நான் பாண் தின்று வளர்ந்த கொட்டாஞ்சேனைக்காரி, எனக்குப் பிட்டு அவிக்கத் தெரியாது. அவர் அவித்தால் அப்படியொரு மென்மை. ஆனாலும் சில இரவுகளில் நெஞ்சில் நின்றது. "இண்டைக்கும் சிக்குது" என்பேன். அவர் முகம் வாடிவிடும். அடுத்த நாள் பிட்டு இன்னும் மென்மையாக இருக்கும்.

இரண்டாவது எண்டோஸ்கோபி. மறுபடி வளையம், மறுபடி கிலின்ன. முடிவைப் பார்த்த டொக்டர் நெற்றியைச் சொறிந்தார். இயோசினோபில் கூட்டம் முன்பு நின்ற இடத்திலேயே நின்றது, ஒன்றும் கலையவில்லை.

"அம்மா, உண்மையைச் சொல்லுங்கோ. இடைக்கிடை பாண், கேக் ஏதும்?"

"நான் ஒண்டும் சாப்பிடல்ல."

"கொஞ்சமெண்டாலும் இது காட்டிக்குடுக்கும். ஒபிஸில ஆரும் பேர்த்டே கேக்..."

"சாப்பிடல்ல எண்டு சொல்லுறன்தானே, டொக்டர்."

எனக்குக் கண்மண் தெரியாத கோபம். கேக் வெட்டும்போது கழிவறைக்குள் போய் நின்றவள் நான். ஞாயிறு பூசைக்குப் போய் நற்கருணையைக்கூட வாங்காமல் வந்தவள், அதுவும் கோதுமை அப்பம் என்பதால். அது எனக்கு எவ்வளவு பெரிய காரியம் என்று இந்த மனிதருக்குத் தெரியுமா? என் பேச்சை நம்பாதவரிடம் இனி வரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். சத்தம் வெளியில் காத்திருந்தவர்களுக்கும் கேட்டிருக்கும். நேசன் பக்கத்தில் இருந்து, "அவ சாப்பிடேல்லை டொக்டர், நான் பொறுப்பு" என்றார். டொக்டர் பலூனுக்கு நாள் குறித்தார்.

அந்த நாளுக்கு முந்திய வாரம் நேசனுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. எழும்ப முடியாமல் படுத்திருந்தார். சரி, பிட்டை நானே அவிக்கிறேன், அறையிலிருந்தே சொல்லித் தாருங்கள் என்றேன். பிட்டு அவிக்கும் நீத்துப்பெட்டியை எடுத்து வைத்தேன். தண்ணீர் கொதித்தது.

"இப்ப மாவை எடும். ரண்டையும் ஒரே சட்டியில போட்டுக் கலவும்" என்று சத்தம் வந்தது.

"ரண்டா?"

"அரிசி மாவும், மேல்தட்டுப் பேணியில இருக்கிற அவிச்ச மாவும்."

அந்தத் தகரப் பேணியை இறக்கித் திறந்தேன். வெள்ளை வெளேரென்று மா. அறை வாசலில் போய் நின்றேன்.

"என்ன மாவை அவிச்சது?"

"என்ன மாவை அவிக்கிறது? கோதுமை மாதான்."

சொல்லி முடித்த பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது. முகம் வெளிறிப்போவதைப் பார்த்தேன். இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழும்பப் பார்த்தார், முடியவில்லை.

"அது அவிச்சது," என்றார், ஏதோ அவித்ததில் அது வேறு சாமானாகிவிட்டது போல. "எங்கட வீட்டில அப்பிடித்தான்... அதை ஆரும் கோதுமை எண்டு நினைக்கிறேல்லை. தனி அரிசி மா எண்டா சொரசொரப்பா இருக்கும். உம்மட தொண்டையில இறங்காது எண்டு..."

"எவ்வளவு போட்டீங்க?"

"முதல் ஒரு கைப்பிடி. சிக்குது சிக்குது எண்டு நீர் சொல்லச் சொல்ல, பிறகு கொஞ்சம் கூட."

பாணையும் பிஸ்கற்றையும் வீட்டைவிட்டுத் துரத்தி, சின்ன எழுத்தெல்லாம் வாசித்து, கடைசியில் ஒவ்வொரு இரவும் தன் கையால் கோதுமையை அள்ளிப் போட்டிருக்கிறார். நான் சிக்குகிறது என்று சொன்ன ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம். இத்தனை வாரமும் என் உணவுக்குழாய் இயோடாக்சினைச் சுரந்து ஆட்களைக் கூப்பிட்டதற்கு முழுக் காரணம், நான் கஷ்டப்படக்கூடாது என்ற இந்த மனிதருடைய ஆசை. யாரிடம் போய்க் கத்துவது? அவர்மேல் கத்தவும் முடியாமல், சிரிக்கவும் முடியாமல், அடுப்பை அணைத்துவிட்டுக் குசினியில் நின்று அழுதேன். ஆத்திரத்தில் வந்த அழுகைதான். அவர்மேல் இரக்கமும் அதற்குள் இருந்தது.

பலூனைச் சில வாரங்கள் தள்ளிப்போடச் சொல்லி நானே ஆஸ்பத்திரிக்குப் போன் எடுத்தேன். இன்னுமொரு தரம் சாப்பாட்டில் கடுமையாக இருந்து பார்க்கிறேன் என்றேன். மறுமுனையில் இருந்தவர், இவ்வளவு நாளும் கடுமையாக இருக்கவில்லையா என்று கேட்டார். பல்லைக் கடித்துக்கொண்டேன்.

நேசன் எழும்பி நடக்கத் தொடங்கினார், ஆனால் சமையலறைக்குள் கால் வைக்கவில்லை. நானும் மச்சாளும் மாறி மாறிச் சோறு சமைத்தோம். அவர் தண்ணீர் குடிக்கக்கூட உள்ளே வராமல், போத்தலை வெளியில் வைக்கச் சொன்னார். "டொக்டரிட்ட நான்தான் சொல்லவேணும்" என்று ஒரு நாளைக்கு ஒரு தடவையாவது சொல்வார்.

மூன்றாவது எண்டோஸ்கோபிக்கு முதலே எனக்குத் தெரிந்துவிட்டது. ஒருநாள் மதியம் அலுவலகத்தில் சாப்பிட்டு முடித்துக் கை கழுவப் போனபோது, தண்ணீர்ப் போத்தல் திறக்காமலே இருந்தது.

முடிவைக் கேட்க இருவரும் போனோம். டொக்டர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஒண்டும் இல்லை. கூட்டம் கலைஞ்சு போச்சு. பலூன் தேவையில்லை." கதிரையில் சாய்ந்தார். "நல்லம். ஆனா முதல் தரம் ஏன் குறையேல்லை? என்ன நடந்ததெண்டு எனக்குத் தெரியவேணும்."

நேசன் தொண்டையைச் செருமினார். வங்கியில் அத்தனை வருடம் யாரும் ஒரு பிழை சொல்லாமல் வேலை செய்தவர். இந்த இளம் ஆளுக்கு முன்னால், மனைவிக்குத் தன் கையால் வருத்தம் கொடுத்ததாக ஒப்புக்கொள்ள வாயைத் திறந்தார்.

"கோதுமைதான், டொக்டர்" என்று நான் முந்திக்கொண்டேன். "பாண். ஒபிஸ்ல களவாச் சாப்பிட்டனான்."

நேசன் என் பக்கம் திரும்பினார். மேசைக்குக் கீழே அவர் காலை மிதித்தேன்.

டொக்டருடைய முகத்தில் வந்த திருப்தியை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். "நான் அண்டைக்கே கேட்டனான். நீங்கள் என்ன சத்தம் போட்டனீங்கள்" என்றார். பெரியவர்கள்தான் சின்னப் பிள்ளைகளைவிட மோசம், மறைத்தால் நட்டம் யாருக்கு, எல்லாம் சொன்னார். நான் தலையைக் குனிந்துகொண்டு கேட்டேன். இப்படித் தலை குனிந்து யாரிடமும் ஏச்சு வாங்கியதாக எனக்கு ஞாபகமில்லை. பிறகு அவர் நேசனைப் பார்த்து, "ஐயா, இனி இவவை நீங்கள்தான் காவல் காக்கவேணும். சாப்பாடு முழுக்க உங்கட கையில இருக்கட்டும். இவவை நம்பேலாது" என்றார்.

"ஓம், டொக்டர்" என்றார் நேசன்.

வெளியில் வந்து லிஃப்டுக்காக நின்றோம். அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். நான் லிஃப்டின் பொத்தானை அழுத்தினேன்.

"இரவைக்குப் பிட்டு அவிச்சுத் தாங்க" என்றேன்.

"தனி அரிசி மா சொரசொரப்பா இருக்குமப்பா."

"இருக்கட்டும்" என்றேன்.